உண்ட களைப்பும் முதுமையும்

'உண்ட களைப்புத் தொண்டருக்கும் உண்டு' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நண்பகல் உணவை முடித்துக்கொண்டு சாய்மனைக் கதிரையிலே கண் அயர்பவரை எவரேனும் எள்ளி நகையாடினால், அவருக்குத் துணைவருவது இம்முதுமொழியே. இளையோர் திறத்திலே அது வெறுங் களைப்புத்தான்; அரைமணி நேரத்தில் அகன்றுவிடும். ஆனால், எழுபது அகவையைக் கடந்த ஒருவர், உணவுண்டு ஒரு மணி நேரம் சென்றபின் எழுந்து நின்று, "கண் இருட்டுகிறது" என்று சுவரைப் பற்றுவாராயின், அதனையும் உண்ட களைப்பென்று ஒதுக்கிவிடுதல் தகுமா? இவ்வினா எமக்கு நூல்வழி எழுந்ததன்று. ஒலுவிலிலே ஒரு நண்பரின் இல்லத்தில், எம் கண்முன்னே எழுந்தது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கித் தெற்கே செல்பவர்கள் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்ததும், மேற்கே பரந்த வயலும் கிழக்கே கடலுமாக ஒலுவிலைக் காண்பர். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது இவ்வூரிலேதான். 2013ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட துறைமுகமும் அதன் வெளிச்சவீடும் இவ்வூரின் பெயரைத் தூரத்து ஊர்களுக்கும் எடுத்துச் சென்றன. ஆயினும் ஊரின் உயிர் இன்னும் நெல்லிலும் மீனிலுமே தங்கியிருக்கிறது. விருந்தோம்பலைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை; இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் ஒருமுறை உண்டவர் அதை மறப்பதில்லை.

எம்முடன் ஒரே கல்லூரியிற் கற்பித்த நண்பர் ஒருவர் எம்மைப் பகலுணவுக்கு அழைத்திருந்தார். வீட்டினர் பெரிய சஹனைச் சுற்றி அமர்ந்தனர். எமக்கென்று மரக்கறிகளை வேறு அடுப்பிற் சமைத்து, வேறு பாத்திரங்களில் வைத்திருந்தார்கள். அந்த அன்பை என்னென்பது! சோறும் பாலாணமும் முடிந்து வட்டிலப்பமும் வந்தது. நண்பரின் தந்தையார் எழுபத்தெட்டு வயதினர். ஒரு காலத்தில் ஐம்பது ஏக்கர் வயல் செய்த போடியார். மக்காவுக்குச் சென்று வந்தவராதலின் ஊரார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். அவர் இரண்டாவது முறையும் வட்டிலப்பத்தைக் கேட்டு வாங்கி உண்டார்.

பின்னர் விறாந்தையில் அமர்ந்து, கல்லோயாத் தண்ணீர் வருவதற்கு முன் மழையை நம்பி விதைத்த காலத்தைப் பற்றிச் சுவையாகப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குச் சற்று முன்பாகக் கிணற்றடிக்குச் செல்வதற்கென எழுந்தார். இரண்டடி வைத்தார். கை தூணைத் தேடியது. முகம் வெளிறிற்று. நண்பர் ஓடிச்சென்று தாங்கியிராவிட்டால் படிக்கட்டிலே விழுந்திருப்பார்.

"என்ன வாப்பா செய்யிது?"

"ஒண்டுமில்ல மகன். கண்ணுக்குள்ள இருட்டிக்கிட்டு வந்திச்சி. சோறு திண்டா இப்படித்தான், கொஞ்ச நாளா இருக்கு."

வீடு பரபரப்படைந்தது. ஒருவர் பித்தம் என்றார். மற்றொருவர் வாய்வு என்றார். மருமகள் நிறையச் சீனி போட்ட தேநீருடன் விரைந்து வந்தார். ஹாஜியாருக்குச் சலரோகம் இல்லை. இரத்த அழுத்தம் மட்டும் உண்டு. அதற்கென வைத்தியசாலைக் கிளினிக்கில் தந்த மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டும் வருகிறார். வீட்டில் அழுத்தம் பார்க்கும் சிறு கருவி ஒன்று இருந்தது. நண்பர் அதனைக் கொணர்ந்து தந்தையின் கையிற் கட்டிப் பார்த்தார். மேலெண் 98 என்று காட்டிற்று. கருவியிற் பிழை என்றெண்ணி மீண்டும் பார்த்தார், 100. கிளினிக் கொப்பியைப் புரட்டினோம். மாதந்தோறும் காலையில் எடுத்த அளவுகள் 148, 152, 146 என்றிருந்தன.

சற்றுத் தெளிந்தபின் ஹாஜியார் எம்மைப் பார்த்து, "காலையில கூடிக் கிடக்கிற பிரஷர் பகலில எங்க போகுது மாஸ்டர்?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் வைத்தியத் துறையிலுள்ள நண்பர்களை வினவியும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே வாசகர்களின் முன் வைக்கின்றோம். நாம் வைத்தியர் அல்லோம். ஆனாலும், முதியவர் ஒருவரேனும் இருக்கும் இல்லங்கள் இச்செய்தியை அறிந்திருத்தல் நன்றென்பது எம் எண்ணம். முதியோர் இல்லாத வீடும் நம் நாட்டில் அருகிவருகின்றது. 1981ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்போது அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 2012இல் அத்தொகை பன்னிரண்டைக் கடந்துவிட்டது.

உணவு உட்சென்றதும் வயிற்றினுள் என்ன நிகழ்கிறது என்பதை மனிதன் முதன்முதலிற் கண்ணாற் கண்டது ஒரு விபத்தின் பயனாக. 1822ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வட அமெரிக்காவின் மக்கினாக் தீவிலே, அலெக்சிஸ் சென் மாட்டின் என்ற கனடிய இளைஞனின் வயிற்றிலே தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இராணுவ வைத்தியர் வில்லியம் போமொண்ட் அவனைப் பிழைக்கவைத்தார். ஆனால் காயம் முற்றாக மூடவில்லை. இரைப்பைக்குள் எட்டிப்பார்க்கத்தக்க ஒரு துவாரம் வாழ்நாள் முழுவதும் எஞ்சியது. அதன் வழியாகப் போமொண்ட் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1833இல் நூலொன்றை வெளியிட்டார். வெறும் வயிற்றில் வெளிறிய நிறத்துடனிருந்த இரைப்பையின் உட்சுவர், உணவு வந்து பட்டதும் குருதி நிறைந்து சிவக்கின்றது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. அந்த இளைஞன் இவ்வாராய்ச்சிகளுக்கு எவ்வளவு மனமுவந்து இடங்கொடுத்தான் என்பது வேறு கதை. ஒருமுறைக்கு மேல் அவன் தன் ஊருக்கே திரும்பிவிட்டான்.

சிவப்புக்குக் காரணம் எளிது. சமிபாட்டுக்கு உழைப்பு வேண்டும். உழைப்புக்குக் குருதி வேண்டும். ஓய்ந்திருக்கும் வேளையில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியை வெளியேற்றுகிறது. அதில் ஏறத்தாழக் காற்பங்கு இரைப்பை, குடல், ஈரல் முதலிய வயிற்றுறுப்புகளுக்குச் செல்கின்றது. உணவுண்ட அரைமணி முதல் ஒரு மணி நேரத்திற்குள், சிறுகுடலுக்குக் குருதி கொண்டு செல்லும் பெரிய நாடியிலே ஓட்டம் இரட்டிப்பாகிறது. நிறைய உண்டால் அதற்கு மேலும் ஏறுகிறது. வயிற்றிலுள்ள நாளங்களும் விரிந்து குருதியைத் தேக்கிக்கொள்கின்றன.

இதனை ஹாஜியாருக்கு எவ்வாறு விளக்கலாம் என்று சிந்தித்தபோது, அவருடைய வயலே எமக்கு உவமை தந்தது. ஒரு வாய்க்காலில் மதகை முழுவதும் திறந்துவிட்டால் மற்றை வாய்க்கால்களில் நீர்மட்டம் தாழும். கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. அதனைத் தடுக்க முற்காலத்தில் வட்டவிதானையார் இருந்தார். ஓரிடத்தில் திறந்தால் ஓரிடத்தில் அடைப்பார். குளத்திலிருந்து சற்றுக் கூடுதலாக நீர் விடச் செய்வார். நமது உடம்பிலும் அத்தகைய வட்டவிதானை ஒருவர் இருக்கின்றார். கழுத்தின் இருமருங்கும் செல்லும் பெருநாடிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. கழுத்து நாடியிலுள்ளவற்றின் தொழிலை உடற்றொழிலியலாளர் ஹெரிங் 1920களில் விளக்கிக் காட்டினார். அழுத்தம் சிறிது தாழ்ந்தாலும் இவை மூளைக்கு அறிவிக்கும். மூளை உடனே இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்யும். கை கால்களின் குருதிக்கலன்களைச் சுருக்கும். வயிற்றுக்குச் சென்ற குருதிக்கு இவ்வாறு ஈடு செய்யப்படுவதாலேயே, இருபது வயது இளைஞன் மூன்று சஹனை வெறுமையாக்கிவிட்டுப் பந்தாடப் போகிறான்.

முதுமையில் இந்த வட்டவிதானையாருக்கும் வயதாகிவிடுகிறது. நாடிகளின் சுவர் விறைத்துப்போவதனால், அவற்றிற் பொதிந்துள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சரிவர உணர்வதில்லை. உணர்ந்து அறிவித்தாலும் இதயம் முன்போல விரைவதில்லை. குருதிக்கலன்கள் முன்போலச் சுருங்குவதில்லை. குடலோ உணவு வந்ததும் தன் பங்கைத் தவறாமற் கேட்டு வாங்குகிறது. ஆகவே மதகு திறக்கிறது, அடைப்பதற்கு ஆளில்லை. நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கும், சலரோகத்தினால் நரம்புகள் பழுதுற்றோருக்கும், பாக்கின்சன் நோயாளருக்கும் இக்குறை மேலும் மிகுதி. அழுத்தம் கூடியவர்களுக்கே இத்தாழ்ச்சியும் கூடுதலாக நேர்கிறது என்பதுதான் இதிலுள்ள முரண். ஹாஜியாரின் வினாவுக்கு விடையும் அதுவே. காலையிற் கூடிக்கிடந்த அழுத்தம் எங்கும் ஓடிவிடவில்லை. குருதி வயிற்றிலே இறங்கியிருந்தது, மூளைக்குச் செல்லவேண்டியது குறைந்திருந்தது.

இத்தனை தெளிவான ஒன்றை வைத்திய உலகம் மிகப் பிந்தியே கவனித்தது என்பதை அறிந்து வியந்தோம். 1977ஆம் ஆண்டிலேதான் டென்மார்க் நாட்டு வைத்தியர் ஒருவர், பாக்கின்சன் நோயுற்ற ஒருவருக்கு ஒவ்வொரு உணவின் பின்னரும் அழுத்தம் வீழ்ந்து மயக்கம் வருவதைப் பிரித்தானிய வைத்திய இதழில் எழுதினார். 1983இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே லூயிஸ் லிப்சிற்ஸ் என்பவரும் அவர்தம் துணைவரும், முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்தோரையும் இளைஞரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உணவு தொடங்கி ஏறத்தாழ 35 நிமிடங்களில் முதியோரின் மேலெண் சராசரி 25 அளவில் இறங்கியது. இளைஞரிடம் அவ்வாறு இறங்கவில்லை. அம்முதியோருள் முன்னர் மயங்கி விழுந்தவர்களும் இருந்தனர், ஒருநாளும் விழாதவர்களும் இருந்தனர். இரு சாராருக்கும் அழுத்தம் இறங்கவே செய்தது. அஃதாவது, மயக்கம் வராமையினால் அழுத்தம் இறங்கவில்லை என்று கொள்வதற்கில்லை. உண்டு இரண்டு மணி நேரத்துக்குள் மேலெண் 20 அல்லது அதற்கு மேல் இறங்குமாயின் அதனை உணவின் பின்னான தாழ் அழுத்தம் என்று இன்று வகுத்துரைக்கின்றனர். முதியோர் நிலையங்களில் வாழ்வோருள் நால்வருக்கு ஒருவர் முதல் மூவருக்கு ஒருவர் வரை இது காணப்பட்டிருக்கிறது.

இனி, நம் கிளினிக்குகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். சீனி பார்க்க வேண்டும் என்பதனால் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். விடியற்காலையிலேயே சென்று இலக்கம் எடுத்து வரிசையில் நிற்கவேண்டும். பசி, களைப்பு, கூட்டத்தின் இரைச்சல் ஆகிய இத்தனைக்கும் நடுவே அழுத்தம் பார்க்கப்படுகிறது. அளவு கூடியிருப்பதில் வியப்பென்ன? அதைக் கண்டு மாத்திரையும் கூட்டப்படுகிறது. வீட்டுக்கு வந்த முதியவர், மாத்திரையைக் காலையுணவோடு சேர்த்து விழுங்குகிறார். உணவு ஒருபுறம் அழுத்தத்தை இறக்க, மாத்திரை மறுபுறம் இறக்குகிறது. முதுமையில் ஈரலினூடு செல்லும் குருதியும் குறைந்துவிடுவதால், சில மருந்துகள் உடலைவிட்டு நீங்குவதற்கும் கூடிய நேரம் பிடிக்கிறது. ஆபத்தான அந்த ஒரு மணி நேரத்தில் அவரருகே கருவியும் இல்லை, வைத்தியரும் இல்லை. இது வைத்தியரின் குற்றமன்று. அவர் காணாத நேரத்தில் நிகழ்வதை அவர் எவ்வாறு அறிவார்? வீட்டினர்தான் அறிந்து சொல்லவேண்டும்.

அறியும் வழி மிகவும் எளியது. உணவுக்குச் சற்று முன்னர், ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் செய்து, அழுத்தத்தைப் பார்த்து எழுதிக்கொள்க. உணவு முடிந்தபின் அரைமணி, ஒரு மணி, ஒன்றரை மணி, இரண்டு மணி என்று அதே கையில், அதே இருக்கையில் மீண்டும் பார்த்து எழுதுக. இரண்டு மூன்று நாள்கள் இவ்வாறு செய்தாற் போதும். காலையுணவையும் பகலுணவையும் தவறவிடலாகாது. இரவுணவின் பின்னரைக் காட்டிலும் அவ்வேளைகளிலேயே இறக்கம் மிகுதியாகக் காணப்படுகின்றது. அக்கொப்பியை அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுக. அழுத்தம் இறங்குகிறதே என்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவோர் உளர். அது பெரும் பிழை. நிறுத்திய மாத்திரை பாரிசவாதமாக வந்து கணக்குத் தீர்க்கக்கூடும். வேளையை மாற்றுவதும், அளவைக் குறைப்பதும், வேறு மருந்து தருவதும் வைத்தியரின் பணி.

உணவைப் பற்றி அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகர ஆய்வாளர்கள் அறிவித்த ஒன்று எமக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியது. அழுத்தத்தை இறக்குவது உணவின் அளவு மட்டுமன்று. இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு அது எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதுமாம். சிறுகுடலுக்குள் குளுக்கோசை நேரே செலுத்திப் பார்த்தபோது, நிமிடத்துக்கு 1 கிலோகலோரி என்ற வேகத்தில் முதியோருக்கு அழுத்தம் பெரிதாக மாறவில்லை. 3 கிலோகலோரி என்ற வேகத்தில் இறங்கிற்று. சீனியும் சர்பத்தும் விரைந்து இறங்குவன. தவிடு நீங்காத அரிசி, பயறு, கீரை முதலியன மெல்லச் செல்வன. மேலும், இரைப்பை நீரால் சற்று விரிந்து நிற்பின் அழுத்தம் அவ்வளவாக இறங்குவதில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். ஆகையால் உணவுக்கு முன் ஒன்றிரண்டு குவளை தண்ணீர் அருந்துவது நன்மை தரும். இதயம் பலவீனமுற்றவர்களும் சிறுநீரக நோயுற்றவர்களும் வைத்தியரைக் கேளாமல் அவ்வாறு செய்தல் கூடாது.

மருமகள் கொணர்ந்த சீனித் தேநீரை இங்கே நினைவுகூர வேண்டும். மயக்கம் என்றதும் சீனி கரைத்துக் கொடுப்பது இன்று வீடுதோறும் பழக்கமாகிவிட்டது. சலரோகத்துக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், உணவு தாமதித்து வியர்த்து நடுங்கினால் அது உயிர்காக்கும் செயல். அத்தகையவர் திறத்தில் ஐயம் நேரினும் சீனி கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. ஆனால் சலரோகமில்லாத ஒருவர் வயிறார உண்டு ஒரு மணி நேரத்தில் மயங்குவாராயின், சீனித் தேநீர் எரியும் விளக்கில் எண்ணெய் வார்ப்பது போன்றது; குடலுக்கு மேலும் குருதி இறங்கும். அவருக்கு வேண்டியது படுக்கை. மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைத் தலையணைமீது உயர்த்தி வைத்தால், சில நிமிடங்களில் நிறம் திரும்பும். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் வலுவிழத்தல், நெஞ்சுவலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்படுமாயின், இக்கட்டுரையை மறந்துவிட்டு உடனே வைத்தியசாலைக்கு விரைக.

உண்டபின் சிறிது நடக்கவேண்டுமென்று நம் நாட்டு வைத்தியம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அண்மைக்கால ஆய்வுகளும் மெல்ல நடக்கும்போது அழுத்தம் தாங்கி நிற்பதைக் காட்டுகின்றன. நடையை நிறுத்தி அமர்ந்ததும் மீண்டும் இறங்கக்கூடும் என்பதையும் அவையே காட்டுகின்றன. எனவே நடப்பவருக்கு அருகில் ஒருவர் துணைசெல்ல வேண்டும்; நடந்து வந்ததும் நின்றபடியே கதைபேசலாகாது. கோப்பியிலுள்ள கஃபேன் சிலருக்கு உதவுவதாக 1985இலேயே அமெரிக்க வைத்தியர் எழுதியுள்ளனர். காலையில் ஒரு கோப்பை கோப்பி குடிக்கும் பாட்டனாரை நாம் தடுக்கவேண்டியதில்லை. மிகச் சூடான பானத்தைக் காட்டிலும் ஆறியது நன்று என்பதும் நெதர்லாந்திற் சோதித்தறியப்பட்டதே. மதுபானம் இத்தாழ்ச்சியை மிகுவிக்கும். ஒலுவிலில் அதைச் சொல்லவேண்டிய தேவையில்லை. பிறவூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கின்றோம். இவை எவற்றுக்கும் அடங்காதபோது மாவுப்பொருளின் சமிபாட்டை மந்தப்படுத்தும் அக்காபோசு போன்ற மருந்துகளும் உண்டு. அது வைத்தியர் தீர்மானிக்கவேண்டியது.

இக்கரையோரத்து இல்லங்களுக்கு இச்செய்தி மிகவும் வேண்டப்படுவது ரமழான் மாதத்திலேயாம். நாம் அச்சமயத்தைச் சார்ந்தவர் அல்லோமாயினும், அயலிலே பல்லாண்டு வாழ்ந்து அந்த மாதத்தின் ஒழுங்கை அறிவோம். கடற்காற்றும் வெயிலும் சேர்ந்து பகல் முழுவதும் உடல்நீரை உறிஞ்ச, ஒரு துளி தண்ணீரும் அருந்தாமல் மாலைவரை இருக்கிறார்கள். குருதியின் அளவே சற்றுக் குறைந்திருக்கும் அந்த வேளையில், நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, பொரித்த பண்டம் யாவும் ஒரே மூச்சில் உட்செல்கின்றன. பகலில் விழுங்க முடியாத அழுத்த மாத்திரையும் அப்போதுதான் உட்செல்கிறது. பின்னர் இரவுத் தொழுகை. நெடுநேரம் நிற்றல், குனிதல், நெற்றியை நிலத்தில் வைத்து மீண்டும் எழுதல். எண்பது வயது உடம்புக்கு இது எத்துணைப் பெரிய சோதனை!

இதற்கு மாற்று வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அவர்தம் வழக்கத்துக்குள்ளேயே இருக்கின்றது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பைத் திறந்து, மஃரிப் தொழுதபின் உணவுண்ணும் முறையைப் பெரியவர்கள் போற்றி வந்தனர். ஒரே வேளையிற் குவியும் உணவை அது இரண்டாகப் பிரித்துவிடுகிறது. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழுவதற்கும், நோயுற்றோரும் தளர்ந்த முதியோரும் நோன்பை விடுவதற்கும் அச்சமயம் இடந்தந்திருப்பதை மௌலவிமார் எடுத்துரைப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். ஆனால் முதியவர்கள் இணங்கவேண்டுமே! பள்ளிவாசலிலே நாற்காலியில் அமர்வதை இழுக்கென்று எண்ணுவோர் இன்னும் பலர். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே வைத்தியரிடம் சென்று, எந்த மாத்திரையை எந்நேரத்தில் எடுப்பது என்று கேட்டு வைத்துக்கொள்வதாவது எல்லோராலும் இயலும்.

எம்மவரும் இதில் தப்பியவர் அல்லர். திவசத்தன்று பிற்பகல் மூன்று மணிவரை பச்சைத் தண்ணீரும் குடியாமலிருந்து, பின் பாயசத்தோடு பதினாறு கறிகளையும் உண்டுவிட்டு, முற்றத்திலே தலைசுற்றி விழுந்த பாட்டிமாரை நாம் அறிவோம். பிதிரரின் கோபம் என்று அதற்கும் பொருள் சொன்னார்கள்.

விழுதல் என்பதை இளையோர் எளிதாக எண்ணுகிறார்கள். முதியவர் ஒருவர் கிணற்றடியிலே, சீமெந்துப் படியிலே, குளியலறையின் ஈரத் தரையிலே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அதன்பின் அந்த வீட்டின் வாழ்க்கையே மாறிப்போகிறது. வேலைக்குச் செல்லும் மகள் வேலையை விடுகிறாள். எழுந்து நடந்தவர் பாயோடு கிடக்கிறார். எலும்பை ஒட்டவைக்கும் வைத்தியம் உண்டு. மீண்டும் விழுவேனோ என்று அவர் உள்ளத்தில் குடிகொண்ட அச்சத்துக்கு வைத்தியம் எளிதில் கிடைப்பதில்லை. உண்டபின் ஒன்றரை மணி நேரம் அவரைத் தனியே கிணற்றடிக்கு விடாமலிருப்பது இவற்றோடு ஒப்பிடுகையில் எவ்வளவு சிறிய காரியம்!

மூன்று மாதங்கள் கழித்து நாம் மீண்டும் ஒலுவிலுக்குச் சென்றோம். விறாந்தைச் சுவரில் ஓர் அப்பியாசக் கொப்பி நூலில் கட்டித் தொங்கியது. ஏழாம் வகுப்பிற் படிக்கும் பேத்தி நேர்கோடுகள் இழுத்து, திகதி, வேளை, 'சாப்பிட முன்', 'சாப்பிட்ட பின்' என்று தலைப்பிட்டு, அளவுகளைக் குண்டு எழுத்துகளில் எழுதியிருந்தாள். முதல் வாரத்துப் பக்கத்தில் 144, 104 என்றும், 150, 108 என்றும் இருந்தன. வைத்தியர் அக்கொப்பியைப் பார்த்துவிட்டு, காலை மாத்திரைகளில் ஒன்றைக் குறைத்து, மற்றொன்றை இரவுக்கு மாற்றியிருந்தார். கடைசிப் பக்கத்தில் 146, 130 என்று கண்டோம்.

அன்றும் எமக்கு வேறு அடுப்பிலேயே சமைத்திருந்தார்கள். ஹாஜியார் தம் சோற்றை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை நான்கு மணிக்கென்று எடுத்து வைக்கச் சொன்னார். உணவுக்கு முன் ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார். வட்டிலப்பம் வந்தபோது மட்டும் பேத்தியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவள் சிறிய கரண்டியால் ஒரு துண்டை வைத்தாள்.

"இந்தப் பொலிசுக்காரிக்கிட்ட நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லப்படாதா மாஸ்டர்?" என்றார் ஹாஜியார்.

அதற்குள் அவள் கருவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.